ஏழாவது கோப்பை

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் மொன்றியலில் எங்கள் வீட்டு வாசலில் ஆறு சோடிப் பனிச்சப்பாத்துகள் கிடந்தன. அவற்றிலிருந்து உருகிய தண்ணீர், நான் மடித்துப் போட்ட பழைய துவாயையும் தாண்டி நடைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டர் இருமிக்கொண்டிருந்தது. அடுப்பில் தேயிலைக்குத் தண்ணீர் கொதித்தது.

வந்திருந்தவர்கள் ஆறு பெண்கள். ஆறு பேரும் தாய்மார். அவர்களுடைய பிள்ளைகளும் என் மகள் ஆரணியும் ஒரே வகுப்பு. பஞ்சாபி ஒருத்தி, வங்காளி ஒருத்தி, பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி, கானாவில் இருந்து வந்த கிரேஸ். தமிழர் இரண்டு பேர். ஒருத்தி சென்னையிலிருந்து வந்த வித்யா. அவளுடைய கணவருக்குக் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. மற்றவள் தவமணி. என்னைப் போல யாழ்ப்பாணம்.

இந்த அத்தியாயத்தை எழுதும் முன் தவமணியிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். அவள் இப்போது பக்கத்து நகரமான லவாலில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். "எழுதுங்கோ அக்கா. ஊர் பேர் வேண்டாம். என்னைக் கொஞ்சம் மெலிஞ்ச ஆளா எழுதிவிடுங்கோ" என்றாள். ஆகவே வாசகர்களே, தவமணி ஒரு மெலிந்த பெண். போதுமா தவம்?

அன்றுதான் அவளை முதன்முதலாக வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். அவள் இல்லாமல் எங்கள் காரியம் நடக்காது. அவளுக்குக் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமையல் வேலை. கார்தெரி என்பார்கள் இங்கே. கூட வேலை செய்த கியூபெக் பெண்களோடு ஆறு வருடம் வாயடித்து வாயடித்தே பிரெஞ்சைக் கரைத்துக் குடித்திருந்தாள். மற்ற ஆறு பேருடைய பிரெஞ்சையும் ஒன்றாகக் கூட்டினாலும் அவளுடையதில் கால்வாசி வராது. பள்ளிக்கூட அதிபருக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை அவள் எழுதுவதாக ஏற்பாடு. கொப்பியும் பேனையுமாக மேசையில் இருந்தாள். முதல் பந்தி எழுதியாயிற்று.

நான் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டேன். "தவம், ஊரிலை எவடம்?"

யாழ்ப்பாணத்தாருக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் ஊர் கேட்போம். ஊரைச் சொன்னால், அங்கே எவடம் என்போம். கோயிலுக்குக் கிழக்கா மேற்கா, எந்த ஒழுங்கை, பக்கத்து வீடு யாருடையது. நாலாவது கேள்விக்குள் எதிரில் இருப்பவர் என்ன சாதி என்று பிடித்துவிடுவோம். சாதி என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்க மாட்டோம். நாங்கள் அவ்வளவு நாகரிகமானவர்கள்.

தவமணி எழுதுவதை நிறுத்தாமலே பதில் சொன்னாள். ஊரையும் சொன்னாள், எவடம் என்றும் சொன்னாள். மூன்றாவது கேள்வி எனக்குத் தேவைப்படவில்லை.

இப்போது உங்களில் பாதிப் பேர் அவள் எந்த இடம் என்று மனதுக்குள் கேட்டிருப்பீர்கள். தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டேன்.

என்னிடம் நல்ல கோப்பைகள் ஆறு இருந்தன. விளிம்பில் நீலப் பூ ஓடும். விருந்தாளிகளும் ஆறு பேர். கணக்குச் சரி. ஐந்து கோப்பைகளை நிரப்பித் தட்டில் வைத்தேன். ஆறாவதையும் நிரப்பினேன். பிறகு என் கை அலுமாரியின் மேல்தட்டுக்குப் போனது. ஆரணியின் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய பேப்பர் கப்புகள் அங்கே இருந்தன, பலூன் படம் போட்டவை. ஒன்றை உருவி, அதில் தேநீரை ஊற்றி, தவமணிக்கு முன்னால் வைத்தேன். ஆறாவது நீலப்பூக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கதிரையில் இருந்து நான் குடித்தேன்.

தவமணி அந்தக் கப்பைப் பார்த்தாள். மேசையைச் சுற்றியிருந்த கோப்பைகளைப் பார்த்தாள். கடைசியாக என் கையில் இருந்ததைப் பார்த்தாள். பேனையை மூடினாள்.

"எனக்கு வேலைக்கு நேரமாச்சுது அக்கா. நான் வாறன். கடிதத்தை வேறை ஆரையேன் கொண்டு எழுதுவியுங்கோ."

சனிக்கிழமையில் கார்தெரி இல்லை என்பது அந்த மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அவள் தன் கொப்பியை எடுத்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பேப்பர் கப்பில் இருந்த தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை அப்படியே இருந்தது.

பிள்ளைகளின் கதவு

அந்தக் கடிதம் எதற்கு என்று சொல்ல வேண்டும்.

பிரெஞ்சு தெரியாமல் வந்து சேரும் பிள்ளையை இங்கே நேரே வகுப்பில் இருத்த மாட்டார்கள். வரவேற்பு வகுப்பு என்று தனியாக ஒன்று உண்டு. முதலில் அங்கே மொழி படிக்க வேண்டும். பிறகு மற்றப் பிள்ளைகளோடு சேரலாம். யோசனையில் நான் பிழை சொல்ல மாட்டேன். ஆரணியின் ஆசிரியை தங்கமான மனிசி. ஆரணி கையுறையைத் தொலைத்துவிட்டு நின்ற நாளில் தன்னுடையதைக் கழற்றிப் போட்டு அனுப்பியவர்.

ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வரவேற்பு வாசலோடு நின்றுவிட்டது. வகுப்பு பேஸ்மென்டில். உள்ளே போவது பின்சந்துக் கதவால். விளையாடும் நேரம் வேறு. சாப்பிடும் நேரமும் வேறு. முற்றத்தில் ஒரு மஞ்சள் கோடு. எங்கள் பிள்ளைகள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். ஒரு வருடம் என்று சொன்னது ஆரணிக்கு இரண்டாம் வருடமாகிவிட்டது. மூன்றாம் வருடமும் போகலாம் என்று காதில் விழுந்தது.

அதிபரைக் கேட்டால், நேரசூசி அப்படி அமைந்துவிட்டது என்பார். மெய்யாகவே அவர் அப்படித்தான் நம்பினார். யாரும் மேசையைச் சுற்றி இருந்து திட்டம் போட்டுச் செய்த காரியமில்லை. ஆனால் காலையில் முன்கதவால் ஏறிப் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் வெள்ளை. பின்கதவால் இறங்கும் பிள்ளைகளில் ஒரு வெள்ளை முகம் கிடையாது. பின்சந்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு நின்றபோது கிரேஸ்தான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னாள். நாங்கள் எல்லாரும் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

ஒரு நாள் ஆரணி பள்ளிக்கூடத்தைப் படமாகக் கீறினாள். அவளுக்கு எட்டு வயது. ஒரு கட்டடம், இரண்டு கதவு. ஒன்று நல்ல சிவப்பு, மற்றது மண்ணிறம்.

"இதென்ன, ரெண்டு பள்ளிக்கூடமோ?" என்று கேட்டேன்.

"ஒண்டுதான் அம்மா." நிறப்பென்சிலால் தொட்டுக் காட்டினாள். "இது பிள்ளையளின்ரை கதவு. இது எங்கடை கதவு."

நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அடுத்த நாளே பின்சந்தில் ஒவ்வொரு தாயாகப் பிடித்துக் கதைக்கத் தொடங்கினேன். ஒரே கதவு, ஒரே விளையாட்டு நேரம், ஒரே சாப்பாட்டு நேரம். கதைக்கத் தெரிந்த பிள்ளையைச் சோதித்துப் பார்த்துச் செப்டெம்பரில் மேலே அனுப்ப வேண்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

கறுப்பு வெள்ளைப் படம்

எனக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஒரு தொலைக்காட்சிப் படம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் கறுப்புப் பிள்ளைகளுக்கும் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம் இருந்த காலத்தைப் பற்றிய விவரணப் படம். கறுப்பு வெள்ளைக் காட்சிகள். புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூட வாசலை நோக்கி நடக்கிறாள். இரண்டு பக்கமும் பெரிய ஆட்கள், தாய்மார்கூட, வாயைக் கோணிக் கத்துகிறார்கள். அவளுடைய சட்டை அழகாக அழுத்தப்பட்டிருந்தது. அந்தச் சட்டையை அன்று காலை யாரோ ஒரு தாய் இருந்து அழுத்தியிருப்பாள்.

"இந்தக் கொடுமையைப் பாருங்கோ!" என்று நான் என் கணவரிடம் கத்தினேன். "இவையெல்லாம் மனிசரே?"

அவர் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. "ம்" என்றார்.

அந்த 'ம்'மை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

வாளிப் பொறுப்பு

தவமணி எழுந்து போன அன்று பின்னேரமும் அவர் களைத்துத்தான் வந்தார். தொட்டிக்குள் கிடந்த கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்று நடந்ததைச் சொன்னேன். அதாவது, எனக்குச் சாதகமாகச் சொன்னேன். வந்தவர்கள் ஆறு, நான் ஒன்று, கோப்பை ஆறு, ஒருவருக்குக் குறைந்துவிட்டது, அதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று.

அவர் ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "அப்ப நீர் ஏன் பேப்பர் கப்பிலை குடிக்கேல்லை?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். பிறகு சோறு போட்டுக்கொண்டு போய்விட்டார். முப்பது வருட வாழ்க்கையில் எனக்கு அவர்மீது வந்த கோபங்களில் அது பெரியது. சரியாகக் கேட்டுவிட்டார் என்ற கோபம்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும், ஒருவரும் தரையில் இல்லாமல், ஒன்றாக வாங்கில் இருக்க வேண்டும் என்பதற்கே ஒரு காலத்தில் பெரிய போராட்டம் நடந்தது. சம ஆசனம் என்பார்கள். அதைப் பொறுக்காமல் பள்ளிக்கூடக் கொட்டில்களுக்கு நெருப்பு வைத்த கதைகளும் உண்டு. நான் பிறப்பதற்கு முந்தைய சங்கதி அது. நான் படித்தபோது எல்லாரும் வாங்கில்தான் இருந்தோம். வாங்கில் எல்லாம் சரி. கிணற்றடியில்தான் மிச்சம் இருந்தது.

மூன்றாம் வகுப்பில் எனக்கு வாளிப் பொறுப்பு கிடைத்தது. இடைவேளையில் வாளிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பிள்ளைகள் வரிசையில் வந்து தகரப் பேணியால் அள்ளிக் குடிப்பார்கள். கடைசியில் மூன்று நாலு பிள்ளைகள் தள்ளி நிற்பார்கள். அவர்கள் பேணியைத் தொடுவதில்லை. இரண்டு கையையும் சேர்த்து ஏந்துவார்கள். நான் ஊற்ற வேண்டும். எவ்வளவு உயரத்தில் இருந்து ஊற்ற வேண்டும் என்பதை எனக்கு முன்பு பொறுப்பில் இருந்த பிள்ளை காட்டித் தந்தாள். எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை. பிழை என்று சொன்னவரும் இல்லை.

அந்தப் பொறுப்பில் எனக்கு அப்படி ஒரு பெருமை. ஒரு துளி வீணாக்காமல் ஊற்றுவேன் என்று வீட்டில் போய்ச் சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் வீணாகத்தான் போயிருக்கும். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் சட்டை முன்பக்கம் எப்போதும் நனைந்தே இருக்கும். அவளுடைய நனைந்த சட்டை தெரிகிறது, பச்சைப் பொத்தான் தெரிகிறது. பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. எத்தனையோ நாள் முயன்றுவிட்டேன்.

அமெரிக்கப் பிள்ளைக்காகக் கத்திய எனக்கு, ஆரணிக்காக அழுத எனக்கு, இந்தப் பிள்ளை ஒரு நாளும் நினைவுக்கு வந்ததில்லை. அன்று பின்னேரம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் வந்தாள்.

இரும்புப் படிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை தவமணி வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவிலேயே நாலு கட்டடம் தள்ளி, இரண்டாம் மாடி. மொன்றியலில் பழைய வீடுகளுக்குப் படி வெளியேதான் இருக்கும். இரும்புப் படி, அதுவும் வளைந்து வளைந்து ஏறும். குளிர்காலத்தில் அதில் பனி உறைந்து கண்ணாடியாகிவிடும். இதைக் கட்டியவர் குளிர்காலம் என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டே ஏறினேன். கடைசிப் படியில் கால் வழுக்கி, அவளுடைய வாசலில் தொப்பென்று இருந்தேன். மணியை அடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. விழுந்த சத்தத்துக்கே கதவு திறந்தது.

தவமணி என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். இழுத்துத் தூக்கிவிட்டாள்.

"அடிபட்டதே?"

"இல்லை."

"அப்ப உள்ளுக்கு வாங்கோ. கதவைத் திறந்து வைச்சால் சூடு போயிடும்."

அவளுடைய மகள் மதுரா தொலைக்காட்சிக்கு முன்னால் குப்புறப் படுத்துக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் தாயின் தங்கையோடு வளர்ந்த பிள்ளை. தவமணி இங்கே தனியாக ஆறு வருடம் உழைத்து, குடிவரவுக் கடதாசிகள் சரிவந்து, போன வருடம்தான் மகளைக் கூப்பிட்டிருந்தாள். அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

"தவம், நேற்று கோப்பை ஒண்டு குறைஞ்சுபோச்சு, அதுதான்…" என்று தொடங்கினேன்.

"உங்கடை கையிலை ஒண்டு இருந்ததே அக்கா."

என் மனப்பாடம் அத்தோடு முடிந்தது. வேறு ஒன்றும் சொல்லத் தெரியாமல் வாளிப் பொறுப்பைச் சொன்னேன். பேணி, வரிசை, கடைசியில் தள்ளி நிற்கும் பிள்ளைகள், பச்சைப் பொத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தால் நான் பெரிய மடைச்சி.

தவமணி அடுப்பை அணைத்தாள்.

"எவ்வளவு உயரத்திலை இருந்து ஊத்தினனீங்கள்?"

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் கண்ணால் அளந்தாள்.

"எங்கடை பள்ளிக்கூடத்திலை இன்னும் கொஞ்சம் உயரம்" என்றாள். கரண்டியைக் கழுவி வைத்தாள். "அப்ப எனக்கு என்ன கவலை தெரியுமே? தண்ணி தெறிச்சு முகமெல்லாம் நனைஞ்சு போகும். வகுப்புக்குள்ளை போனால், நான் அழுதிட்டு வாறன் எண்டு மற்றப் பிள்ளையள் நினைப்பினம். நான் ஒரு நாளும் அழுததில்லை அக்கா. அதை அவையளுக்குச் சொல்லேலாது."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ தவம்."

"அதைப் பேந்து பாப்பம்." அலுமாரியில் இருந்து கொப்பியை எடுத்து மேசையில் போட்டாள். முதல் பந்திக்குக் கீழே இன்னும் மூன்று பந்திகள் எழுதியிருந்தன. என்னை விட்டுவிட்டு வந்தாளே தவிர, கடிதத்தை விடவில்லை. "இது உங்களுக்காக இல்லை. ஆறு வருசம் இருந்து என்ரை பிள்ளையைக் கூப்பிட்டது பின்கதவாலை அனுப்பிறதுக்கில்லை. கூட்டத்திலையும் நான்தான் கதைப்பன். நீங்கள் பக்கத்திலை இருக்கலாம். ஆனால் வாய் திறக்கப்படாது."

"ஓம்" என்றேன்.

எனக்கு அவள் தேநீர் தரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. படியில் இறங்கும்போது கதவைத் திறந்து, "கம்பியைப் பிடிச்சு இறங்குங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

சின்னக் கதிரைகள்

கூட்டம் பள்ளிக்கூட நூலகத்தில் நடந்தது. பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த பள்ளிச் சபை. நாங்கள் ஏழு பேரும் சிறுபிள்ளைகளின் சிவப்புக் கதிரைகளில் முழங்கால் நாடியைத் தொட இருந்தோம். வித்யா என் காதில், "அக்கா, எந்திரிக்கும்போது என்னைப் பிடிச்சுக்கோங்க" என்றாள்.

அதிபர் கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அன்பாகத்தான் பேசினார். பிள்ளைகள் கூச்சப்படுவார்கள், தங்களைப் போன்ற பிள்ளைகளோடு இருந்தால் அவர்களுக்கு இலகு, எல்லாம் அவர்களுடைய நன்மைக்குத்தான் என்றார். எனக்கு வாய் நமநமவென்றது. சப்பாத்துக்குள் கால்விரல்களை மடக்கிக்கொண்டு இருந்தேன்.

தவமணி எழுந்தாள். அவள் பிரெஞ்சில் சொன்னதில் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். விளங்காததை அவள் பிறகு சொல்லித் தந்தாள்.

"நான் படித்த பள்ளிக்கூடத்திலும் எங்களுக்கு என்று தனி ஏற்பாடு ஒன்று இருந்தது, மதாம். அங்கே கெட்டவர்கள் யாரும் இருக்கவில்லை. எல்லாரும் நல்ல மனிதர்கள். அது பழக்கம், அவ்வளவுதான். நீங்களும் நல்லவர். அதனால்தான் உங்களிடம் கேட்க வந்தேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"என் மகள் பிரெஞ்சு படிக்கிறாள். கீழே யாரோடு அதைக் கதைப்பாள்? உப்பைத் தா என்று ஒரு பிரெஞ்சுப் பிள்ளையிடம் கேட்டால்தானே அந்தச் சொல் அவளுடையதாகும்? நான் புத்தகத்தில் படிக்கவில்லை. குசினியில் நின்று கதைத்துப் படித்தேன்."

மேசையின் மறுபக்கத்தில் தாடி வைத்த கியூபெக் தகப்பன் ஒருவர் இருந்தார். அதுவரை பேசாதவர் மெல்லக் கையை உயர்த்தினார். தன் மகன் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் விளையாடும் பிள்ளைகளைப் பற்றி வீட்டில் கேட்டானாம். அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள், எப்போது அவர்களுடைய தண்டனை முடியும் என்று கேட்டானாம்.

அதிபருடைய முகம் சிவந்துபோயிற்று. கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார். அன்று முடிவானது இவ்வளவு: மார்ச் விடுமுறைக்குப் பிறகு எல்லாருக்கும் ஒரே கதவு, ஒரே விளையாட்டு நேரம், ஒரே சாப்பாட்டு நேரம், பரீட்சார்த்தமாக. மே மாதத்தில் பிள்ளைகளைச் சோதித்து, தயாரானவர்களைச் செப்டெம்பரில் மேலே அனுப்புவது.

வெளியே வந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. கிரேஸ் தவமணியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். மெலிந்த பெண்ணல்லவா, தூக்க முடிந்தது.

ஆரணிக்கு மேல்மாடிச் சாப்பாட்டு அறை முதல் கிழமை பிடிக்கவில்லை. ஒரே சத்தமாம். இரண்டாம் கிழமை அங்கே ஒரு புதுச்சொல் படித்துக்கொண்டு வந்தாள். பால் சிந்தியதற்கும் சொன்னாள், சப்பாத்து இறுகியதற்கும் சொன்னாள். தவமணியிடம் அர்த்தம் கேட்டேன்.

"அது தேவாலயத்துக்குள்ளை இருக்கிற ஒரு சாமான் அக்கா" என்றாள். "ஆனால் இந்த ஊரிலை அதைக் கோபம் வந்தால்தான் சொல்லுவினம். பிள்ளையைச் சொல்லவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

பனி உருகியபோது முற்றத்து மஞ்சள் கோடு வெளியே தெரிந்தது. பிள்ளைகள் அதற்கு மேலால் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதிபர் அதை அழிக்க ஒருவரை அனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மஞ்சள் கோப்பை

எல்லாம் நல்லபடி. ஆனால் தவமணி எங்கள் வீட்டில் ஒன்றும் குடிப்பதில்லை.

வராமல் இருக்கவில்லை. சோதனைப் படிவம் நிரப்ப வந்தாள், மதுராவைக் கூட்டிப்போக வந்தாள், சும்மாவும் வந்தாள். இருந்து கதைப்பாள், என்னைக் கிண்டலடிப்பாள். தேத்தண்ணி என்றால், "இப்பத்தான் குடிச்சனான்." தண்ணீர் என்றால், "வேண்டாம், பேந்து." நாலு மாதம் இப்படி. நானும் மறுபடி கேட்கத் துணியவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. இரும்புப் படியில் விழுந்த அடுத்த கிழமையே ஒரு கடைக்குப் போய்த் தனியாக ஒரு கோப்பை வாங்கி வைத்திருந்தேன். வெளிர் மஞ்சள், மெல்லிய பீங்கான், தங்க விளிம்பு. என் ஆறு நீலப்பூக் கோப்பையும் அதற்குக் கிட்ட வராது. அதை யாருக்கும் கொடுக்கவில்லை. ஆரணி தொட்டாலும் கத்தினேன். தவமணி குடிக்கும் நாளில் அதில்தான் கொடுப்பது என்று முடிவு.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் முடிந்த அன்று முடிவு வந்தது. ஆரணி மேலே. மதுராவும் மேலே. கிரேஸின் மகனும், வித்யாவின் மகனும், மற்ற இரண்டு பிள்ளைகளும் மேலே. பஞ்சாபித் தாயின் மகளுக்கு மட்டும் இன்னும் ஆறு மாதம் என்றார்கள். ஆனால் முன்கதவால்தான் போவாள். ஏழு பேரும் பிள்ளைகளோடு எங்கள் வீட்டில் கூடினோம். யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. வாசலில் பனிச்சப்பாத்துக்குப் பதிலாகச் செருப்புகள்.

நான் மஞ்சள் கோப்பையை எடுத்துத் துடைத்தேன். எல்லாருக்கும் முதலில் அதில் ஊற்றி, பிறகு மற்ற ஆறையும் நிரப்பி மேசைத் தட்டில் வைத்தேன். மஞ்சளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்த் தவமணிக்கு முன்னால் வைத்தேன்.

அவள் அந்தக் கோப்பையைப் பார்த்தாள். தட்டில் இருந்த ஆறு நீலப்பூக் கோப்பைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுடைய உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"சறோ அக்கா! இதுவும் தனிக் கோப்பைதானே!"

நாலு மாதம் பூட்டிப் பூட்டி வைத்த கோப்பை. இது எனக்கு ஒரு நிமிடம்கூட ஓடவில்லையே. "என்னாச்சு, என்னாச்சு?" என்று வித்யா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. நான் முகத்தை மறைக்கவில்லை.

தவமணி எழுந்து மேசையில் இருந்த தட்டை எடுத்தாள். "நீங்கள் இருங்கோ. உங்களுக்குக் கோப்பை குடுக்கத் தெரியாது" என்றாள். மஞ்சள் கோப்பையைக் கிரேஸின் கையில் கொடுத்தாள். மற்றதுகளை வந்த வாக்கில் ஒவ்வொருவர் முன்னாலும் வைத்துக்கொண்டு போனாள். எனக்கு ஒன்று தந்தாள். மிஞ்சியதைத் தான் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "சீனி காணாது."

நான் ஓடிப்போய்ச் சீனிப்போத்தலைக் கொண்டுவந்தேன். இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி முழுவதையும் குடித்தாள். பிறகு, "இன்னும் இருக்கே?" என்று கேட்டாள்.

அவர்கள் போனபின் நான் தொட்டிக்கு முன்னால் நின்றேன். ஏழு கோப்பைகள் கிடந்தன. பிள்ளைகள் ஓடி ஓடி வந்து ஆளுக்கொரு வாய் குடித்து, இடம் மாற்றி வைத்து, எல்லாம் கலந்துபோயிருந்தன. மஞ்சள் கோப்பை கிரேஸ் குடித்தது. மற்ற ஆறில் எது தவமணி குடித்தது என்று என் கண் தேடியது. பழகிய கண், அது தேடும். சீனி ஒட்டியிருக்கிறதா என்று உள்ளே பார்த்தேன். விளிம்பைப் பார்த்தேன்.

தெரியவில்லை. குழாயைத் திறந்து ஏழு கோப்பைகளையும் கழுவினேன்.